சும்மா என்றால் இருபத்தேழு

6

நான்கு மணிக்குத் தீர்ப்பு. இப்போது பதினொன்றரை. குற்றவாளி மேஜை மேல் இருந்தது.

இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு. கறுப்பு அலுமினியப் பெட்டி. பின்னால் கொத்தாக வயர்கள். மூன்று நாட்களாக யார் திட்டியும் பதில் பேசவில்லை.

"இதையா விசாரிக்கப் போறோம்?" என்றான் வாலு. "மேடம், இதுக்குக் கைவிலங்கு எங்க மாட்டறது?"

துப்பறியும் பெண்மணி பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் தராசு. ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் நிறுத்துப் பார்ப்பார். பெரும்பாலும் எடை குறைவென்று திரும்ப வைத்துவிடுவார். அவர் திரும்ப வைத்ததையெல்லாம் பொறுக்கியெடுத்துப் பேசுவது உதவியாளன் வாலுவின் வேலை. வாலுவுக்கு நாற்பது வயது. பத்து வருடமாக அவர் பின்னாலேயே வருவதால் அந்தப் பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் பேச்சைக் கேட்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

பட்டறையின் நடுவே ஒரு நீல நிறக் கார் கட்டைகள் மேல் நின்றது. முன்பக்கம் இல்லை. அதாவது, இருந்தது, ஆனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

பெட்டியைச் செய்தவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. கார் பந்தயக்காரர்கள் எல்லோரும் அவளை 'ட்யூனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் காரை ஓட்டிப் போய், பாதையோரம் டயர்களை அடுக்கிய சுவரில் இடித்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லும்மா," என்றார் தராசு.

"வாங்கின மாதிரியே காரை ஓட்டறவங்களுக்கு நான் தேவையில்ல மேடம். பெரிய டர்போ வைக்கணும், மலைப்பாதைப் பந்தயத்துக்குப் போகணும்னு ஆசைப்படறவங்கதான் வருவாங்க. இன்ஜினை மாத்திட்டா, கம்பெனி குடுத்த கம்ப்யூட்டருக்குத் தலைகால் புரியாது. எவ்வளவு பெட்ரோல் விடணும்னே தெரியாது. முன்னெல்லாம் ஒருத்தர் லேப்டாப்போட பக்கத்துல உட்கார்ந்து வாரக்கணக்குல ஒவ்வொரு நம்பரா மாத்துவாங்க. என் பெட்டி அதைத் தானே பண்ணிக்கும். புகையை மோந்து பாக்கும். பெட்ரோல் ஜாஸ்தின்னா குறைக்கும், கம்மின்னா கூட்டும். ஓட்ட ஓட்டக் கத்துக்கும்."

"எங்க வீட்ல நான்தான் சமையல்," என்றான் வாலு. "பதினஞ்சு வருஷமா உப்பு பிடிபடல. எனக்கு ஒண்ணு மாட்ட முடியுமா?"

"புகை வரணும்ணே."

"அது தாராளமா வரும்."

தராசு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். "ஞாயித்துக்கிழமை என்ன எழுதி வெச்சிருக்கு இது?"

"முதல் வளைவு. இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு சுத்து. கால், பூஜ்யம்." ட்யூனர் திரையைப் பார்க்காமலேயே சொன்னாள். "அப்படின்னா ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை முழுசா எடுத்தாச்சுன்னு அர்த்தம். இன்ஜின் வேகமா சுத்தும்போது காலை எடுத்தா பெட்டி பெட்ரோலை நிறுத்திடும். எல்லாக் கார்லயும் அப்படித்தான். ஆனா வளைவுக்கு நடுவுல அப்படி நின்னா, முன்னாடி அமுங்கும், பின்னாடி சுத்திடும்."

"தம்பி என்ன சொல்றார்?"

"காலை எடுக்கவேயில்லன்னு." அவள் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினாள். "ஆஸ்பத்திரியில அவன் கண்ணைத் தொறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே அதான் மேடம். 'காலை எடுத்தியாடா?' இல்லன்னான். 'பெட்டி பொய் சொல்லாதுடா'ன்னேன். அதுலேர்ந்து என்னை ரூமுக்குள்ள விடறதில்ல. நாலு மணிக்கு பந்தய கிளப் கமிட்டி பெட்டிக்குத் தடை போட்டா பட்டறையை மூடிட்டு வேற வேலை பாத்துக்கலாம். பொய் சொன்னது பெட்டியா, தம்பியான்னு தெரியாம நான் எப்படி இருக்கறது?"

வாலுவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக அதை நிறுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தான்.

"நாலாயிரம் நம்பர் பாத்துட்டேன்," என்றாள் ட்யூனர். "பெட்ரோல்ல ஒரு தப்பும் இல்ல."

"இது என்ன?"

தராசின் விரல் திரையின் அடியில், தூசி படிந்த மூலையில் நின்றது. அங்கே ஒரே ஒரு வரி: *சும்மா: 27.*

ட்யூனர் குனிந்து பார்த்தாள். தூசியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அது... கால் சும்மா இருக்கற இடம். ஒவ்வொருத்தரும் வேற வேற பெடல் மாட்டுவாங்க. அதனால சாவியைத் திருப்பினதும் பெட்டி முதல்ல பெடலைப் பாக்கும். அப்ப கால் அதுமேல இருக்காதில்ல? அந்த இடத்தை 'சும்மா'ன்னு எழுதிக்கும். அதைத் தாண்டி அமுக்கினாத்தான் கால்னு ஒத்துக்கும். எப்பவும் ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினா மூணு. அதான் நான் பாக்கவே இல்ல."

"இங்க நூத்துக்கு இருபத்தேழு."

"அப்ப சாவி போடும்போது யாரோ ஒருத்தரோட கால், கால் பங்கு அமுக்கியிருக்கு," என்றான் வாலு. "ரெண்டு கால். ஒண்ணுதான் மனுஷனோடது."

ட்யூனர் எழுந்தாள். பட்டியலை மேலே தள்ளினாள். "இதோ பாருங்க. ஸ்டார்ட் லைன்லேர்ந்து கிளம்பும்போதே கால் பூஜ்யம்னு இருக்கு. காலே வைக்காம கார் கிளம்புமா? பெட்டிக்குக் கண்ணு தெரியல மேடம். இருபத்தேழு வரைக்கும் யார் எவ்வளவு அமுக்கினாலும் அதுக்கு சும்மாதான். வளைவுல அவன் இருபது வெச்சிருந்தாலும் பூஜ்யம்னுதான் எழுதும், பெட்ரோலை நிறுத்தும்."

"எடுத்திருந்தாலும் பூஜ்யம்னுதான் எழுதும்," என்றார் தராசு.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை அப்படியே கமிட்டிகிட்ட சொன்னா, உன் பெட்டியே கிறுக்குப் பிடிச்சு இருபத்தேழுன்னு எழுதிக்கிச்சும்பாங்க. அந்தக் காலைக் காட்டணும். சாவி எப்ப போட்டாங்க?"

"பெட்டியில கடிகாரம் கிடையாது. நிமிஷம் மட்டும் எண்ணும். இடிக்கறதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடி."

"கிளம்பலாம். உன் கார்ல இதே பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுலயே போவோம். லேப்டாப்பை எடுத்துக்கோ."

*

ஆஸ்பத்திரி வாசலில் ட்யூனர் காரிலேயே இருந்துகொண்டாள். மற்ற இருவரும் மேலே போனார்கள்.

தம்பியின் வலது கால் ஒரு கம்பியில் தொங்கியது. இரண்டு இடத்தில் முறிவு. முகத்தில் வலியைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"அவ அனுப்பினாளா?"

"நாங்களா வந்தோம்," என்றான் வாலு. "அவங்க கீழ கார்ல இருக்காங்க. ஏசி கூடப் போடல. தவம் மாதிரி."

"இருக்கட்டும்."

"சாவி போட்டது யாரு தம்பி?" என்றார் தராசு.

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நான் போடல. ஹெல்மெட் மாட்டிட்டு லைனுக்குப் போனப்ப கார் ஓடிட்டேதான் இருந்துச்சு. யாராவது ஷெட்லேர்ந்து கொண்டுவந்து நிறுத்துவாங்க. நான் அப்படியே ஏறி உட்கார்ந்தேன்."

"கிளம்பும்போது?"

"பெடல் கொஞ்சம் சோம்பலா இருந்துச்சு. நல்லா அமுக்கினதும் சரியாச்சு. முதல் வளைவு வரைக்கும் முழுசாத்தானே அமுக்கறோம்." தொங்கிய காலைக் கையால் காட்டினான். "அங்க வளைவு நடுவுல தளர்த்தினேன், லேசா அமுக்கினபடியே. தளர்த்தறது வேற, எடுக்கறது வேற. அது அவளுக்குத் தெரியாதா?"

"ஷெட்ல அப்ப யார் இருந்தாங்க?"

"கார்ப்ரேட்டர் அண்ணன் இருந்தாரு. வேற யாரையும் நான் பாக்கல."

*

கார்ப்ரேட்டர் அண்ணனின் பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது: *கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் இங்கே எடுக்கப்பட மாட்டா.* அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ட்யூனரின் பட்டறை திறந்த நாளிலிருந்து அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேரிடம் அவர், கம்ப்யூட்டர் இல்லாமலே இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் பழைய கார்ப்ரேட்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காரணம் இருக்கு, கால் இருக்கு, ஷெட்ல ஆளும் இருந்திருக்கார்," என்று வாலு காதோரம் சொன்னான். "மேடம், சாயங்காலம் டீ என் செலவு."

பிறகு அவரிடம் போனான். "அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சத்தம் வருது. நீங்கதான் காதாலேயே வைத்தியம் பாப்பீங்களாமே."

"தள்ளு." அவர் காரில் ஏறினார். பக்கத்து இருக்கையில் ட்யூனர் இருந்ததைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, உன் வண்டிக்கு நான் வைத்தியமா? காலம் மாறிடுச்சு போல." சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. "ஒரு சத்தமும் இல்லையே."

ட்யூனர் மடியிலிருந்த லேப்டாப்பை லேசாகத் திருப்பினாள். *சும்மா: 1.*

வாலுவின் முகம் ஒரு டீ அளவுக்கு இறங்கியது. "ஏண்ணே, நீங்க கார்ப்ரேட்டர் ஆளாச்சே. மிதிச்சுட்டுத்தானே சாவி போடணும்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லாதப்பா. வீட்ல இருக்கறது ஆட்டோமேட்டிக் வண்டி, மிதிக்காமலே எடுக்கும். பத்து வருஷமாச்சு. கால் பழகிப்போச்சு."

தராசு ஜன்னலோரம் வந்தார். "ஞாயித்துக்கிழமை நீலக் காரை ஷெட்லேர்ந்து எடுத்தது நீங்களா?"

"நான் ஏன் அதைத் தொடறேன்?"

"யார் தொட்டாங்கன்னு பாத்தீங்களா?"

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். கையைத் துணியில் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை. "அம்மா, நான் தயார் பண்ணின கார் ரெண்டு அடுத்த மாசம் பந்தயத்துல ஓடணும். அதுக்கு அவங்க கையெழுத்து வேணும். தங்கச்சி நல்லா இருக்கட்டும். என்னை விட்டுடுங்க."

"நன்றி," என்றார் தராசு. "சொல்லிட்டீங்க."

காரில் ஏறியதும் வாலு கேட்டான். "என்ன சொன்னாரு? எனக்கு எதுவும் கேக்கலையே."

"'அவங்க'ன்னாரு. கையெழுத்துப் போடறவங்க அஞ்சு பேர். கமிட்டி."

"அஞ்சு பேர் காலையும் எப்படி மேடம் பாக்கறது? ஷூ கடை போடலாமா?"

தராசு வெளியே பார்த்தார். "உன் கை சுளுக்கிடுச்சு," என்றார்.

"இல்லையே."

"சுளுக்கிடுச்சு."

*

கிளப் கட்டடத்துக்கு ஒரே வாசல். மூன்றரை மணியிலிருந்து அதன் குறுக்கே ட்யூனரின் கார் நின்றது. வலது கையில் கட்டுப் போட்ட ஒருவன் பக்கத்தில் நின்று, உள்ளே போக வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினான்.

"சார், கை சுளுக்கு. சாவி திருப்ப முடியல. கொஞ்சம் நகர்த்திக் குடுங்களேன்."

முதலில் செயலாளர் வந்தார். உட்கார்ந்தார், நகர்த்தினார், போனார். அவர் போனதும் வாலுவின் சுளுக்குக் குணமானது. காரை எடுத்துப் பழையபடி குறுக்கே நிறுத்தினான். அடுத்தவர் தலை தெரிந்ததும் சுளுக்கு திரும்ப வந்தது.

பக்கத்து இருக்கையில் ட்யூனர் இருந்தாள். இன்னும் அரைமணியில் அவளுக்குத் தீர்ப்பு எழுதப்போகிறவர்கள் என்பதால் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அதனால் அவள் மடியில் இருந்ததையும் பார்க்கவில்லை.

செயலாளர், 2. டாக்டர், 1. ஹோட்டல்காரர், 3. ஒரு காலத்தில் மேப் பார்த்து வழி சொல்லிப் பந்தயங்களை ஜெயிக்கவைத்த அம்மாள், 0. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினார்.

"மேடம்," என்றான் வாலு, "எல்லாரும் சும்மாதான் இருக்காங்க."

மூன்று ஐம்பதுக்குத் தலைவர் வந்தார். அறுபத்தெட்டு வயது. அவர் வாங்கிய கோப்பைகளை வைக்கத்தான் அந்தக் கட்டடத்தையே கட்டினார்கள் என்று சொல்வார்கள். கெஞ்சலை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. காரை ஓட்டச் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஏறினார், இருக்கையைச் சரிசெய்தார். அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரை இரண்டு முறை தட்டியது. மூன்றாவது முறை கொஞ்சம் அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பினார்.

*சும்மா: 26.*

ட்யூனர் லேப்டாப்பை ஜன்னல் பக்கம், தராசுக்குத் தெரிகிற மாதிரி திருப்பினாள். ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கதவைத் திறந்தபோது தராசு வழியில் நின்றார்.

"சாவி போடறதுக்கு முன்னாடி ஏன் சார் மிதிச்சீங்க?"

"மிதிச்சேனா? இல்லையே." தலைவர் குனிந்து தன் காலைப் பார்த்தார், அங்கே வேறு யாருடைய காலோ இருப்பதுபோல. "ஓ. கார்ப்ரேட்டர் வண்டியில ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டேதான் திருப்பணும். இல்லன்னா எடுக்காது. முப்பது வருஷம் அப்படியே ஓட்டின கால்மா. என்னைக் கேட்டா மிதிக்குது?"

"ஞாயித்துக்கிழமை நீலக் காரை லைனுக்குக் கொண்டுபோனது நீங்க."

"ஆமா. புது வண்டி, ஆசையா இருந்துச்சு. சும்மா எடுத்து நிறுத்தினேன். அதுக்கென்ன?"

"உங்க சும்மா இருபத்தாறு சார்," என்றான் வாலு. "ஞாயித்துக்கிழமை இருபத்தேழு. நடுவுல ஷூ மாத்தினீங்களா?"

"மாத்தினேன்," என்றார் தலைவர்.

அதற்குமேல் ட்யூனர்தான் சொன்னாள். பெட்டி சாவி திருப்பும்போது எதைப் பார்க்கும், எதை நம்பும், வளைவில் என்ன செய்தது என்று ஒவ்வொன்றாக. குரலை உயர்த்தவில்லை. தலைவர் கதவைப் பிடித்தபடி, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து கேட்டார். அவள் முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"தம்பிக்குக் கால் எப்படி இருக்கு?"

"ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார். பிறகு தராசைப் பார்த்தார். "இதை உள்ள நீங்க சொல்லப்போறீங்களா?"

"நான் கமிட்டியில இல்ல சார்," என்றார் தராசு.

*

தீர்மானம் முன்கூட்டியே தட்டச்சாகி மேஜை மேல் இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தார். கதவோரம் தராசும் வாலுவும் நின்றார்கள்.

"பெட்டியைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று செயலாளர் ட்யூனரைக் கேட்டார்.

அவள் எழுந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"பெட்டியில தப்பு இருக்கு சார்," என்றாள்.

வாலு கண்ணை மூடிக்கொண்டான்.

"முதல்ல பெடல் எங்க இருக்கோ அதையே சும்மான்னு நம்பற மாதிரி நான்தான் எழுதினேன். நாப்பது பேரை உட்காரவெச்சு சோதிச்சேன். எல்லாரும் என் வயசு. சாவி போடும்போது ஒருத்தர்கூட மிதிக்கல. மிதிக்கறவங்க உலகத்துல இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அஞ்சுக்கு மேல இருந்தா நம்பாதேன்னு ஒரு வரி எழுதியிருந்தா என் தம்பி இன்னைக்கு நடந்திருப்பான். அதை எழுதி, சோதிச்சு முடிக்கற வரைக்கும் நானே பெட்டியை எந்த வண்டியிலயும் மாட்டமாட்டேன்."

"அப்ப தடையை ஒத்துக்கறீங்க," என்றார் செயலாளர், காகிதத்தை இழுத்தபடி.

"இரு," என்றார் தலைவர்.

பேனாவை மேஜை மேல் வைத்தார். "மிதிச்சது நான்."

செயலாளருக்குப் புரியவில்லை. தலைவர் இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது, இந்த முறை ஷெட்டிலிருந்து லைன் வரைக்கும் விவரமாக. ஹோட்டல்காரர் தண்ணீர் குடித்தார். மேப் அம்மாள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "நீ அந்தக் காலத்துலயே ரொம்ப மிதிப்பே," என்றார்.

"தடை வேண்டாம். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி சரிபண்ணிக் கொண்டுவரட்டும், பாத்துட்டு அனுமதிக்கலாம். இனிமே ஓட்டறவங்க தவிர யாரும் சாவி போடக்கூடாதுன்னு எழுது. முக்கியமா நான்."

"விபத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் செயலாளர். "அதுல என்னன்னு போடறது?"

"தலைவர் கால்னு போடு."

செயலாளர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "எந்தக் கால்?"

"வலது," என்றார் தலைவர்.

*

ஐந்தே காலுக்கு ஆஸ்பத்திரி மாடியில் கதவருகே ட்யூனர் நின்றாள். வாலுவும் தராசும் பத்தடி தள்ளி, ஒரு பெஞ்சில்.

கதவு திறந்துதான் இருந்தது. தம்பி அவளைப் பார்த்தான். போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

அவள் உள்ளே ஓரடி வைத்து, யாருடைய கால், என்ன நடந்தது என்று சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஆக, பெட்டி தப்புன்னு தெரிஞ்சதும் தம்பி ஞாபகம் வந்துடுச்சு."

"இல்லடா. வளைவுல என்ன நடந்துச்சுன்னு பெட்டிக்கு இன்னமும் தெரியாது. நீ காலை வெச்சிருந்தாலும் பூஜ்யம்தான், எடுத்திருந்தாலும் பூஜ்யம்தான். நாலாயிரம் நம்பர்லயும் அதுக்குப் பதில் கிடையாது." அவள் இன்னோர் அடி உள்ளே வைத்தாள். "உனக்கு மட்டும்தான் தெரியும்."

"நான் எடுக்கலக்கா."

"சரி," என்றாள்.

"சரின்னா? லேப்டாப்ல பாக்க வேணாமா?"

"கீழ கார்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

அவன் கம்பியில் தொங்காத இடது காலைச் சிரமப்பட்டு மடக்கி, கட்டிலின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான்.